வழித்துணையும் வழித்தடங்கலும்

பிழைப்புக்காக ஊர் ஊராகச் செல்வோரின் பயணம் தீர்த்த யாத்திரையிலிருந்தும் உல்லாசப் பயணத்திலிருந்தும் அடிப்படையிலேயே வேறுபட்டது. போகவேண்டிய ஊரைப் பயணி முடிவு செய்வதில்லை. முன்கூட்டியே கையெழுத்தான ஒப்பந்தம் முடிவு செய்கிறது. தங்கும் நாளையும் உண்ணும் நேரத்தையும் சந்திக்க வேண்டிய ஆட்களையும் அந்த ஒப்பந்தமே வகுத்துவிடுவதால், ஊர்கள் கண்ணில் படுகின்றனவே தவிர மனத்தில் தங்குவதில்லை; வணிகர்களும் அதிகாரிகளும் சொற்பொழிவாளர்களும் காலங்காலமாக உலகைச் சுற்றியிருந்தும், அவர்களுடைய தொழில்முறைப் பயணங்களிலிருந்து மீண்டும் மீண்டும் வாசிக்கத்தக்க நூல்கள் அரிதாகவே பிறந்திருப்பதற்கு இதுவே காரணம். அந்த அரிய நூல்களில் ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1895 ஜூலை முதல் 1896 ஜூலை வரை மேற்கொண்ட சொற்பொழிவுப் பயணத்தின் பயனாக 1897-இல் வெளிவந்த 'ஃபாலோயிங் தி இக்வேட்டர்', அதாவது பூமத்திய ரேகையைத் தொடர்ந்து செல்லுதல். அந்நூலைப் பயணத்தின் அட்டவணையோடு ஒப்புவைத்துப் படிப்போருக்கு ஓர் உண்மை புலப்படும்: அட்டவணை பிசகாமல் நடந்த மாலைகளைப் பற்றி நூல் பெரும்பாலும் மௌனமாக இருக்கிறது, கப்பல் கரைதொடாமல் நின்ற இடத்திலும், நோய் படுக்கையில் தள்ளிய ஊரிலும், நண்பர்கள் கைகொடுத்த வேளையிலும்தான் அது உயிர் பெறுகிறது.

இப்பயணத்தின் காரணம் கடன். சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமன்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட ட்வைன், எழுத்தால் ஈட்டிய செல்வத்தின் பெரும்பகுதியை ஜேம்ஸ் பெய்ஜ் என்பவர் உருவாக்கிவந்த அச்சுக்கோப்பு இயந்திரத்தில் முதலீடு செய்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி அடுக்கும் வேலையை இயந்திரமே செய்துவிட வேண்டும் என்பது அதன் நோக்கம். சிறுவயதில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பழகிய ட்வைனுக்கு அந்த இயந்திரத்தின்மேல் உண்டான மயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் பல்லாயிரம் உறுப்புகள் கொண்ட அது அடிக்கடி பழுதானது. அதற்குள், ஒரு முழு வரியையே உலோகத்தில் வார்த்துத் தரும் லைனோடைப் என்ற எளிய இயந்திரம் பத்திரிகை அலுவலகங்களைப் பிடித்துக்கொண்டது. முன்னாள் குடியரசுத் தலைவர் யுலிசீஸ் கிராண்டின் நினைவுக் குறிப்புகளை 1885-இல் வெளியிட்டுப் பெரும்பொருள் ஈட்டிய ட்வைனின் பதிப்பகமும் 1894 ஏப்ரலில் நொடித்துப்போனது. கடன்காரர்களுக்குத் தரவேண்டிய தொகை ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர்.

இங்கேதான் முதல் வழித்துணை வருகிறார். ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான ஹென்றி ஹட்டில்ஸ்டன் ராஜர்ஸ், நியூயார்க்கில் ட்வைனுக்கு அறிமுகமான சில நாள்களிலேயே அவருடைய கணக்கு வழக்குகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ட்வைனின் மனைவி ஒலிவியா தம் சொந்தப் பணத்தையும் பதிப்பகத்தில் போட்டிருந்ததால், அவரை முதல் உரிமையுள்ள கடன்காரராகக் காட்டி நூல்களின் பதிப்புரிமை முழுவதையும் அவர் பெயருக்கு மாற்றச் செய்தார். அந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் அவ்வுரிமைகள் அன்றே ஏலத்துக்குப் போயிருக்கும். வணிகப் போட்டியில் இரக்கம் காட்டாதவர் என்று பெயரெடுத்த ஓர் எண்ணெய் முதலாளி, நொடித்துப்போன எழுத்தாளர் ஒருவருக்காக மாதக்கணக்கில் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார் என்பது எளிதில் விளக்கிவிட முடியாத செய்தி. அந்த நட்பு ராஜர்ஸின் வணிக முறைகளை நியாயப்படுத்திவிடாது. அந்த முறைகள் அந்த நட்பைப் பொய்யாக்கிவிடவும் மாட்டா.

மஞ்சள் கடிதம் கொடுத்தவர் கடனில் ஒரு பகுதியை மட்டும் செலுத்தி விடுபடச் சட்டம் இடம் தந்தது. ஒலிவியா அதற்கு இணங்கவில்லை. ஒவ்வொரு டாலரும் முழுமையாகத் திருப்பித் தரப்பட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார், கணவரும் ராஜர்ஸும் அதனை ஏற்றனர். ஐம்பத்தொன்பது வயதில், மேடைப் பேச்சை உள்ளூர வெறுத்த ஒருவர் உலகம் முழுவதும் மேடையேறக் கிளம்பியதன் பின்னணி இதுதான்.

அக்காலத்துச் சொற்பொழிவுப் பயணம் நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு தொழில். முகவர் ஒருவர் ஊர்தோறும் அரங்கை வாடகைக்கு எடுத்து, சீட்டு விற்று, தொடர்வண்டி நேரங்களோடு நிகழ்ச்சிகளைப் பொருத்துவார். பேச்சாளர் மாலையில் வந்திறங்கி, தொண்ணூறு நிமிடம் பேசி, மறுநாள் காலை அடுத்த ஊருக்குப் போய்விட வேண்டும். ட்வைனின் நிகழ்ச்சி 'அட் ஹோம்' என்று விளம்பரம் செய்யப்பட்டது. தம் வீட்டுக் கூடத்தில் விருந்தினரோடு உரையாடுவது போல, கையில் குறிப்பின்றி, பழகிய கதைகள் சிலவற்றை மாற்றி மாற்றிச் சொல்லும் முறை அது. வட அமெரிக்கப் பகுதிக்கு ஜே. பி. பாண்ட் என்ற முகவர் பொறுப்பேற்றார். 1895 ஜூலை 15 அன்று கிளீவ்லாந்தில் தொடங்கி, ஏரிக்கரை ஊர்கள், மினியாபொலிஸ், வின்னிபெக், மொன்டானாவின் சுரங்க நகரங்கள், ஸ்போக்கேன், போர்ட்லாந்து, சியாட்டில், வான்கூவர் என்று சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். மனைவியும் இரண்டாம் மகள் கிளாராவும் உடன் வந்தனர். மூத்த மகள் சூசியும் கடைசி மகள் ஜீனும் எல்மைராவில் பெரியம்மாவின் பண்ணை வீட்டில் தங்கிவிட்டனர்.

புறப்படும்போதே காலில் ராஜபிளவை வந்திருந்தது. பல வாய்களுடன் சீழ் பிடித்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலத்தில் உயிருக்கே உலை வைக்கக்கூடிய கட்டி அது. கப்பல் தாமதமானதால் துலூத் நகரில் அரங்கம் காத்துக்கிடந்தது. பசிபிக் கடலோரம் முழுவதையும் காட்டுத்தீயின் புகை மூடியிருந்தது. அப்புகை அவருடைய குரலைக் கெடுத்தது. இவ்வளவுக்கும் நடுவே பாண்ட் தம்பதியர், ஊதியம் வாங்கும் முகவருக்குரிய கடமையைத் தாண்டி, நோயாளியைக் கவனிக்கும் உறவினர்போல நடந்துகொண்டனர். பாண்ட் ஒரு கேமராவை உடன் கொண்டுவந்து வழியெல்லாம் படமெடுத்தார், நாட்குறிப்பும் எழுதினார். மொன்டானாவின் ஏதோ ஒரு நிலைய மேடையில் மூட்டை முடிச்சுகளோடு காத்திருக்கும் களைத்த முகங்களை இன்று நம்மால் பார்க்க முடிவது அவருடைய ஆர்வத்தால்தான்.

ஆகஸ்ட் 23 அன்று வாரிமூ என்ற கப்பல் விக்டோரியாத் துறையிலிருந்து புறப்பட்டது. முதல் நிறுத்தம் ஹொனலூலு. 1866-இல், முப்பது வயதில், கலிபோர்னியப் பத்திரிகை ஒன்றின் செய்தியாளராக ஹவாய்த் தீவுகளில் சில மாதம் சுற்றிய ட்வைன், வாழ்வில் தாம் கண்ட மிக அழகிய நிலம் அதுவே என்ற எண்ணத்தை அதன்பின் கைவிட்டதில்லை. மீண்டும் அங்கே கால்வைக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருந்தார். அங்கே ஓர் உரைக்கும் சீட்டுகள் விற்றிருந்தன. கப்பல் நெருங்கியபோது நகரில் காலரா பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. கரையிறங்கும் எவரும் மறுபடி கப்பலேற முடியாது என்ற தொற்றுத்தடை விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. மலைச்சரிவையும் தென்னைகளையும் கப்பலின் விளிம்பிலிருந்தே பார்த்துவிட்டு அவர் மேலே செல்ல நேர்ந்தது. வருமானக் கணக்கில் இது ஒரு மாலைக்கான இழப்பு. ஆனால் நூலில் ஹவாயைப் பற்றிய பகுதியில் படிந்திருக்கும் ஏக்கம், அவர் கரையிறங்கி உரையாற்றிவிட்டுப் போயிருந்தால் வந்திருக்காது. ஆசைப்பட்ட இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தடைபட்ட அனுபவத்தை இவ்வளவு அடக்கத்துடன் எழுதியவர்கள் குறைவு.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கார்லைல் ஸ்மைத் என்ற இளைய முகவர் துணைக்கு வந்தார். படித்தவர், பொறுமைசாலி, பின்னர் தென்னாப்பிரிக்கா வரையிலும் உடன் வந்தவர். சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு நகரங்களில் கூட்டம் நிரம்பி வழிந்தது. மறுபடி மறுபடி ராஜபிளவை வந்தது. நவம்பர் 30 அன்று தம் அறுபதாவது பிறந்தநாளை நியூசிலாந்தின் நேப்பியர் நகரில் படுக்கையில் கழித்தார். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஃப்ளோரா என்ற கப்பலில் ஓர் இரவைக் கழித்து, முதல் துறைமுகத்திலேயே இறங்கி வேறொரு சிறு படகுக்கு மாறியதை அவர் எழுதியிருக்கும் பகுதி, பயணிகள் கப்பல்களில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தும் அதனை எவரும் மதிக்காத நிலையைக் கண்ட எந்நாட்டவருக்கும் உடனே புரியும்.

கடல் நாள்களின் கட்டாய ஓய்வு இன்னொரு பயனைத் தந்தது. பசிபிக் தீவுகளிலிருந்து குவீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோன வாணிபம் குறித்து, கையில் கிடைத்த நூல்களையெல்லாம் கப்பலிலேயே படித்து, ஆள்பிடித்தோர் தரப்பு விளக்கங்களையும் மிஷனரிகளின் சாட்சியங்களையும் எதிரெதிரே நிறுத்தி, அது மனிதக் கொள்முதல்தான் என்று அவர் சினத்துடன் எழுதினார். பின்னர், 1896 ஏப்ரலில், மொரீஷியசில் சில நாள் தங்கினார்; சென்னைத் துறைமுகம் உள்பட இந்தியத் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டோரின் வழித்தோன்றல்களே அத்தீவில் பெரும்பான்மையினர். பசிபிக் தீவினருக்காக எழுந்த அந்தச் சினம் அங்கே அதே அளவில் எழவில்லை என்பதைத் தமிழ் வாசகர் வருத்தத்துடன் கவனிக்காமல் இருக்க முடியாது.

1896 ஜனவரியில் கொழும்பு. ஒரே நாளைக்குள் ட்வைன் அங்கே கண்டது தெருவில் ஓடிய நிறங்கள்: பட்டும் பருத்தியும், மேலாடையின்றித் திரிந்த செம்பழுப்பு உடல்களும், ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தவாறு உடுத்திய அழகும். அந்த ஓட்டத்தின் நடுவே மிஷனரிப் பள்ளியொன்றின் சிறுமிகள் ஐரோப்பியப் பாணி உடையில் வரிசையாக வந்ததைக் கண்டு அவர் மனம் நொந்தார். தம் நாட்டவரின் உடையையே அழகற்றது என்று அந்த இடத்தில் அவர் ஒப்புக்கொள்வது, நாகரிகம் வழங்கச் சென்றதாகப் பேசிய ஒரு காலத்தில் எளிய செயலன்று.

பம்பாயில் ஜனவரி 18 அன்று இறங்கியவுடன் இருமலும் மார்ச்சளியும் அவரை விடுதி அறைக்குள் அடைத்துவிட்டன, உரைகள் தள்ளிப்போயின. வாட்சன் விடுதியின் மாடத்தில் கூடிய காகங்களைப் பற்றியும், விடியுமுன் தாழ்வாரத்தில் தொடங்கும் இரைச்சலைப் பற்றியும் அவர் எழுதிய புகழ்பெற்ற பக்கங்கள், அறைக்குள் நேரம் கழிக்க நேர்ந்தவர் எழுதக்கூடியவை. ஆனால் அந்த விடுதியில் அவர் கண்ட வேறொரு காட்சியே இந்நூலின் உச்சம் என்று கொள்ளத்தக்கது. அறையைச் சரிபார்க்க வந்த ஜெர்மானியர் ஒருவர், கதவு வேலையில் ஏதோ பிசகிய பணியாளை, பிசகு என்னவென்று சொல்லாமலேயே, முகத்தில் அறைந்தார். அறை வாங்கியவர் எதிர்ப்பேதும் காட்டாமல் பணிவுடன் வேலையைத் தொடர்ந்தார். அந்தக் கணத்தில் ட்வைனின் நினைவு ஐம்பது ஆண்டு பின்னோக்கி, மிசௌரி மாநிலத்தில் தாம் வளர்ந்த சிற்றூருக்குச் சென்றது: அங்கே அடிமைகளுக்கு எதையும் விளக்கும் வழக்கமான முறை இதுவாகவே இருந்தது, மென்மையானவரான தம் தந்தையும் வீட்டு அடிமைப் பையனை எப்போதாவது அடித்ததுண்டு, பத்து வயதில், ஏதோ ஒரு சிறு தவறுக்காக ஓர் ஆண் அடிமையின் தலையில் எஜமானர் இரும்புத்தாதுக் கட்டியை வீசியதையும், அவர் ஒரு மணி நேரத்துக்குள் இறந்ததையும் கண்டார், கொன்றவரை எவரும் தண்டிக்கவில்லை.

ஒரு பயண நூலின் நடுவில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஆசிரியர் தம் குடும்பத்தின் குற்றத்தைப் பொதுவில் வைக்கும் இந்த இடம் எந்த அட்டவணையிலும் திட்டமிடப்பட்டதன்று. ஆங்கிலேய இந்தியாவைப் பற்றிப் புகழ்ச்சியும் ஐயமும் கலந்து எழுதிய ட்வைன், ஆட்சிமுறை பற்றிய தம் பொதுக்கருத்துகளில் பல இடங்களில் காலத்தின் எல்லைக்குள்ளேயே நின்றார். இந்தியப் பயணத்தில் தமக்குப் பணிவிடை செய்தவரின் பெயர் மூசா என்று தெரிந்த பின்னும், அவருடைய சுறுசுறுப்பை வியந்து சாத்தான் என்று பெயர் மாற்றி அழைத்த குடும்பம் அது. அப்பெயரை எவ்வளவு அன்போடு சொல்லியிருந்தாலும் பெயர் மாற்றும் உரிமை யாரிடம் இருந்தது என்ற கேள்வி நிற்கிறது. எனினும் கன்னத்தில் விழுந்த அந்த ஓர் அறை, கருத்துகளால் எட்ட முடியாத ஆழத்துக்கு அவரைக் கொண்டுபோனது. பேரரசுகளை வெளிப்படையாக எதிர்த்து அவர் 1900-க்குப் பின் எழுதிய கட்டுரைகளின் வித்துகளுள் ஒன்றை இங்கே காண்பது மிகையாகாது.

வட இந்தியத் தொடர்வண்டிகளில், படுக்கைச் சுருளையும் பணியாளையும் பயணியே கொண்டுபோக வேண்டியிருந்த அக்காலத்தில், அலகாபாத், காசி, கல்கத்தா என்று உரைகள் தொடர்ந்தன. டார்ஜிலிங் போனபோது, 1881-இல் கட்டி முடிக்கப்பட்ட இரண்டடி அகலத் தண்டவாளத்தின்மீது, இயந்திரமின்றித் தடுப்புக்கட்டையை மட்டுமே நம்பி இறங்கும் சிறு டிராலி ஒன்றை விருந்தளித்தவர்கள் ஏற்பாடு செய்தனர். ஏறத்தாழ 35 மைல், மேகத்திலிருந்து சமவெளிவரை, வளைவுக்கு வளைவு சரிந்து இறங்கிய அந்த நாளைத் தம் வாழ்நாளின் மிக இன்பமான நாள் என்று அவர் பதிவுசெய்தார். ஜெய்ப்பூரில் அவரும் ஸ்மைத்தும் ஒருசேர நோயுற்று, சிறு விடுதியொன்றில் பல நாள் கிடந்தனர். அடுத்த ஊர்களின் நிகழ்ச்சிகள் கைவிடப்பட்டன. மார்ச் இறுதியில் கல்கத்தாவிலிருந்து வார்தா என்ற கப்பல் மொரீஷியஸ் நோக்கிச் சென்ற வழியில், சென்னையில் நின்றது ஒரு நாள்தான்.

தென்னாப்பிரிக்காவில் நேர்ந்த இடர் வேறு வகையானது. டிரான்ஸ்வால் அரசைக் கவிழ்க்க முயன்ற ஜேம்சன் படையெடுப்புக்கு உடந்தையாக இருந்ததாகப் பிரிட்டோரியாச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தோருள் ஜான் ஹேஸ் ஹாமண்ட் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் ஒருவர். ட்வைனை முன்பே அறிந்தவர். 1896 மே மாதம் சிறைக்குள் சென்ற ட்வைன், கைதிகளுக்குத் தெம்பூட்ட, சிறைவாசத்தின் சுகங்களைப் பற்றி வேடிக்கையாகப் பேசினார். அதனைப் பத்திரிகை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டதால் கைதிகளுக்குத் தீங்கு நேரும் நிலை வந்தது. குடியரசுத் தலைவர் குரூகரிடமே நேரில் சென்று அவர் விளக்கமளிக்க நேர்ந்தது. மேடையில் கைதட்டல் வாங்கித்தந்த அதே சொல்முறை, சிறைச்சுவருக்குள் யாருடைய உணவையும் உறக்கத்தையும் பாதிக்கக்கூடும் என்பதை, நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகள் கற்பிக்காததை, அந்த ஒரு சந்திப்பு கற்பித்தது.

இப்பயணத்தில் நட்பு என்பது விருந்துகளிலும் வரவேற்புகளிலும் இருந்ததைவிட, கணக்கேட்டிலும் கடிதங்களிலும் மிகுதியாக இருந்தது. ஊர்தோறும் சேர்ந்த பணம் நியூயார்க்குக்கு அனுப்பப்பட, ராஜர்ஸ் அதனைக் காத்துப் பெருக்கினார். களைப்பும் நம்பிக்கையிழப்பும் நிறைந்த கடிதங்களுக்கு அவர் தவறாமல் விடையெழுதினார். ஒலிவியா ஒவ்வோர் ஊரிலும் பெட்டிகளை அவிழ்த்துக் கட்டி, புண்ணுக்குக் கட்டுப்போட்டு, இருமும் கணவரை மேடைக்கு அனுப்பி, கடன்காரர்களின் பட்டியலில் எஞ்சிய தொகையை மனத்தில் வைத்திருந்தார். பயணத்தின் உழைப்பில் சரிபாதி அவருடையது. நூல் அதனைப் போதுமான அளவு சொல்லவில்லை என்பது அதன் குறை.

1896 ஜூலை 31 அன்று சவுத்தாம்ப்டனில் கப்பல் கரைசேர்ந்தது. சூசியும் ஜீனும் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. சூசி நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. ஒலிவியாவும் கிளாராவும் உடனே கப்பலேறினர். அவர்கள் நடுக்கடலில் இருந்த ஆகஸ்ட் 18 அன்று, ஹார்ட்ஃபோர்டில் குடும்பம் முன்பு வாழ்ந்து விட்டுவந்த வீட்டில், மூளையுறை அழற்சியால் சூசி இறந்தார். வயது 24. இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு ஊரில் தனித்திருந்த தந்தைக்குத் தந்தி வந்தது. வழியில் நேர்ந்த எத்தனையோ இடர்கள் எழுத்தாயின; இந்த ஒன்றைப் பற்றி நூலில் ஒரு சொல்கூட இல்லை.

அந்நூல் லண்டனின் செல்சீ பகுதியில், டெட்வொர்த் சதுக்கத்து வாடகை வீட்டில், பண்டிகையும் பிறந்தநாளும் கொண்டாடாமல் ஒதுங்கியிருந்த ஒரு குடும்பத்துக்குள், 1896 இலையுதிர் காலத்திலிருந்து 1897 வசந்தம் வரை எழுதப்பட்டது. ராஜர்ஸின் மகன் ஹாரிக்கு அது காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. 1898-இன் தொடக்கத்தில் கடைசிக் கடன்காரருக்கும் முழுத்தொகை சென்று சேர்ந்தது. டாம் சாயர், ஹக்கிள்பெரி ஃபின் கதைகளின் வழியாக மட்டும் ட்வைனை அறிந்திருக்கும் தமிழ் வாசகர்கள் இந்நூலின் பம்பாய்ப் பகுதியையாவது படிக்க வேண்டும். காகங்களைப் பற்றிய பக்கங்களில் சிரிப்பு வரும்போது, அவற்றை எழுதியவர் அந்தக் குளிர்காலத்தில் எந்த வீட்டில் அமர்ந்திருந்தார் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.